51 அடி தூரத்தில் கச்சான்

என் தொண்டை எனக்குச் சோறு போட்ட தொண்டை. யாழ்ப்பாணத்தில் ஓலை வேய்ந்த ரியூஷன் கொட்டிலில், மைக் இல்லாமல், கடைசி வாங்கில் இருக்கிற பொடியனுக்கும் கேட்கும்படி தூய கணிதம் படிப்பித்தவன் நான். கையில் பூவரசந்தடியும் இருந்தது. ஆனால் தடியைவிட என் சத்தத்துக்குத்தான் பயந்தோம் என்று பழைய மாணவர்கள் கலியாண வீடுகளில் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஸ்காபரோவுக்கு வந்ததும் தடி போய்விட்டது. சனி, ஞாயிறுகளில் வீட்டு பேஸ்மென்றில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தொண்டை மட்டும் குறைவில்லாமல் கூடவே வந்து சேர்ந்தது. ஒருதரம் சொன்னால் ஏறாது, பத்துத்தரம் சொன்னால் ஏறும் என்பது என் தொழில் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு நாய்.

மகள் நாய்கள் காப்பகம் ஒன்றிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜாக் ரஸலும் வேறெதுவோ ஒன்றும் கலந்த சின்னச் சாதி. தோள் வரை அளந்தால் 11 அங்குலம் வரும். மண்ணிறம். மனைவி பார்த்த உடனேயே ‘கச்சான்’, அதாவது நிலக்கடலை, என்று பெயர் வைத்துவிட்டாள். கொஞ்ச நாளில் மகளுக்குக் கல்கரியில் வேலை கிடைத்தது. அவள் போனாள், கச்சான் நின்றது. பிறகு நடந்ததெல்லாம் பூங்காவில்தான். கயிற்றைக் கழற்றிய மறுகணம் அணிலுக்குப் பின்னால் பறந்துவிடும். நான் வேலியோரமாக நின்று “கச்சான்! கச்சான்! இஞ்ச வா! கம்! கச்சான்!” என்று கத்துவேன். ஒரு நாள் அந்த வழியால் நடந்துபோன தமிழர் ஒருவர் நின்று, “என்ன அண்ணை, நல்லூர்த் திருவிழாவில கச்சான் விக்கிறியளோ?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கீழ்ப்படிதல் வகுப்பில் சேர்த்தது அதற்குப் பிறகுதான். மாலை நேரத்தில் ஒரு மண்டபத்தில் றப்பர் விரிப்புகளைப் போட்டு நடத்துவார்கள். பனிக்காலம். ஈர நாய் மணமும் ஈரச் சப்பாத்து மணமும் கலந்திருக்கும். வகுப்பை நடத்தியவர் எழுபதைத் தொடும் அம்மையார். முதல் நாள் நாய்களைவிட எங்களைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் “சிட், சிட், கச்சான் சிட், சிட்!” என்று தொடங்கினேன். அது என்னைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, பக்கத்தில் நின்ற பூடிலின் வாலை முகர்ந்தது. கடைசியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தொண்டையால் ஒரு ‘சிட்’ விட்டதும் இருந்தது. வெற்றி என்றுதான் நினைத்தேன். அம்மையார் கிட்ட வந்து, “உங்கள் நாய்க்குக் காது நன்றாகக் கேட்கிறது. அது உங்கள் கடைசிச் ‘சிட்’டுக்காகக் காத்திருக்கிறது” என்றார்.

அவர் விளக்கிய கணக்கு எளிமையானது. முதல் நாலு ‘சிட்’டுக்கும் ஒன்றும் நடப்பதில்லை, கோபமான ஐந்தாவதுக்குத்தான் ஏதோ நடக்கிறது. அப்படியென்றால் நாயைப் பொறுத்தவரை அந்த ஐந்தாவதுதான் கட்டளை. முதல் நாலும் மழை பெய்வது போன்ற பின்னணிச் சத்தம். கச்சான் எனக்குக் கீழ்ப்படியாமல் இல்லை. நான் படிப்பித்ததை அப்படியே படித்திருந்தது.

அடுத்து அவர் செய்த வேலையை என் மாணவர்கள் யாரும் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் ஆறுதல். ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் தந்து, வாயில் ஒரு மிடறு வைத்துக்கொள்ளச் சொன்னார். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. கன்னம் இரண்டும் உப்ப நான் நின்றேன். கையில் ஒரு துண்டு கோழியீரல். கையைக் கச்சானின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் மெதுவாக அதன் தலைக்கு மேலால் பின்னுக்கு எடுக்கவேண்டும். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும், உடம்பின் அமைப்பு அப்படி. கச்சான் இருந்தது. ஈரல் போனது. மறுபடி இருந்தது. சிறிது நேரத்தில் கையில் ஈரல் இல்லாமலே கை மேலே போனதும் இருந்தது. அந்த வகுப்பு முழுக்க அது என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தபடியே நின்றது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதுவரை அது என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. நான் கதைத்துக்கொண்டே இருக்கிற ஆள். பார்க்காவிட்டாலும் இருக்கிற இடம் தெரியும்.

நாய்ப் பயிற்சியின் சரித்திரத்தை அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். எதையாவது படிக்கத் தொடங்கினால் அடி வரைக்கும் போகாமல் விடமாட்டேன், வாத்தி புத்தி. ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்பவர் 1910இல் எழுதிய பயிற்சி நூல் பொலிஸ் நாய்களுக்கும் இராணுவ நாய்களுக்கும் பாதை போட்டது. அடியும் கயிற்று இழுவையும் அதில் சாதாரணம். வட அமெரிக்காவில் கீழ்ப்படிதலை ஒரு போட்டியாக்கியவர் ஹெலன் வைற்ஹவுஸ் வோக்கர் என்ற பெண். அவர் வளர்த்தவை பூடில்கள். மயிரை அழகாக வெட்டிவிட்ட பொம்மைகள் என்று மற்றவர்கள் நக்கல் அடிக்க, தன் நாய்களுக்கு மூளை இருக்கிறது என்று காட்டுவதற்காக 1933இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள மவுண்ட் கிஸ்கோவில் முதல் சோதனையை நடத்தினார். அந்த ரோசம் எனக்கு நன்றாக விளங்கியது. நானும் கச்சானை வகுப்பில் சேர்த்தது பாதி அணிலுக்காக, பாதி அந்த நல்லூர்க்காரருக்காக.

மற்றப் பாதை கடலில் இருந்து வந்தது. கரேன் பிரையர் ஹவாயில் டொல்பின்களைப் பழக்கியவர். டொல்பினுக்குக் கழுத்துப்பட்டி போட ஏலாது, அடிக்க ஏலாது, கத்தினால் நீந்திப் போய்விடும். சரியாகச் செய்த கணத்தில் ஒரு விசில், அதன் பின் ஒரு மீன், அவ்வளவுதான் அங்கே செல்லுபடியாகும். அவர் 1984இல் எழுதிய ‘டோன்ட் ஷூட் த டோக்’ என்ற புத்தகத்தின் தலைப்பில்தான் நாய் இருக்கிறது. உள்ளே பிள்ளைகள், கணவன்மார், மேலதிகாரிகள், பூனைகள் எல்லோரும் இருக்கிறார்கள்.

இத்தனையையும் வாசித்து முடித்து, அறிவாளியாக நிமிர்ந்து பார்த்தால் எங்கள் வீட்டிலேயே ஒரு கரேன் பிரையர் இருந்தார். என் மாமியார். கோயில், விரதம், தனிச் சட்டி என்று வாழ்கிற மனுசி. நாய் வந்த நாளிலேயே “குசினிக்குள்ள மட்டும் வரக்கூடாது” என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நான் எத்தனை அதட்டியும் மேசைக்குக் கீழே வந்து நிற்கிற கச்சான், மாமி சமைக்கும்போது மட்டும் குசினி நிலைக்கு வெளியே, முன்கால் இரண்டும் ஓட்டின் கோட்டில் பட்டும் படாமலும் இருக்க, சிலைபோலக் குந்தியிருக்கும். எப்படி மாமி என்று கேட்டேன்.

“நான் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. வெளியில இருந்தா தோசைத் துண்டு போடுவன். உள்ளுக்க கால் வைச்சா போடமாட்டன்.”

“ஒண்டும் சொல்லுறேல்லையோ?”

“நாயோட என்னத்தைக் கதைக்கிறது?”

இந்த ஒரு சட்டத்தை மாமி ஒருநாளும் மீறியதில்லை. உள்ளே வந்த நாய்க்குப் பாவம் பார்த்து ஒரு துண்டு போட்டதும் இல்லை, வெளியே இருந்த நாயை மறந்ததும் இல்லை. என் சட்டங்கள் அப்படி இல்லை. களைத்த நாளில் ஒரு சட்டம், சந்தோசமான நாளில் ஒரு சட்டம். மேசையடியில் வந்து கண்ணைக் காட்டினால் பத்துக்கு ஒருதரம் ஏதாவது விழும். பத்துக்கு ஒருதரம் விழுகிற பழக்கந்தான் விடவே முடியாத பழக்கம் என்பது லொத்தர் சீட்டு வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

கீழ்ப்படிதல் வகுப்பில் சொல்லித்தருகிற எல்லாவற்றிலும் எனக்கு மதிப்பு இருக்கிறது என்று சொல்லமாட்டேன். இடது முழங்காலோடு ஒட்டி, திரும்பும்போதெல்லாம் அளவு பிசகாமல் நடக்கிற நடை பார்ப்பதற்கு வடிவு. நாயோடு கடைக்குப் போகிறவனுக்கு அது தேவையில்லை. கூப்பிட்டால் வருவது ஒன்றுக்காகவே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். ஆனால் எங்கள் வகுப்பு நடந்த மண்டபத்தின் மறுபாதியில், திரைக்கு அப்பால், வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நாய்கள் தொண்டை கிழியக் குரைத்தன. பந்து ‘டப்’ என்று பாய்கிற சத்தம். மனிதர்கள் பேய் பிடித்தவர்கள் மாதிரிக் கூவினார்கள். ஒரு நாள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். கச்சான் எனக்கு முன்னமே எட்டிப் பார்த்துவிட்டது.

அதுதான் ஃப்ளைபோல். நாய்களின் அஞ்சல் ஓட்டம். ஒரு ரீமுக்கு நாலு நாய். தொடக்கக் கோட்டிலிருந்து 6 அடியில் முதல் தடைப்பலகை, பிறகு 10 அடிக்கு ஒன்றாக இன்னும் மூன்று, கடைசிப் பலகையிலிருந்து 15 அடியில் ஒரு பெட்டி. மொத்தம் 51 அடி. நாய் நாலு பலகையையும் பாய்ந்து போய்ப் பெட்டியின் சாய்வான முகத்தை மிதிக்கவேண்டும். மிதித்ததும் உள்ளேயிருக்கிற விசை ரெனிஸ் பந்தை வெளியே தள்ளும். அதைக் கவ்விக்கொண்டு நாலு பலகையையும் திரும்பப் பாய்ந்து கோட்டைத் தாண்டினால் அடுத்த நாய் கிளம்பலாம். பக்கத்துப் பாதையில் இன்னொரு ரீம் அதே வேலையைச் செய்யும். நாலு நாயும் சேர்ந்து ஓடுவது 408 அடி. அதை 15 செக்கனுக்குள் முடிக்கிற ரீம்களும் உண்டு. 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் தெற்குக் கலிபோர்னியாவில் உருவான விளையாட்டு இது. ஹேர்பேர்ட் வாக்னர் என்பவர்தான் முதல் பெட்டியைச் செய்தவர் என்பார்கள். ஜொனி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காட்டிய பிறகு பரவியது. 1984இல் மிச்சிகன், ஒன்ராறியோ ரீம்கள் சேர்ந்து வட அமெரிக்கச் சங்கத்தை அமைத்தன.

திரைக்கு அப்பால் பயிற்சி செய்த ஃப்ளைபோல் கிளப்பின் கோச் கச்சானைக் கண்டதும் குனிந்து அதன் முன்கால் எலும்பை விரலால் தடவிப் பார்த்தார். அவருடைய கண்ணில் ஒரு மின்னல். எனக்குள் பெருமை பொங்கியது. இவ்வளவு நாளும் மண்டபத்தில் நின்ற பொர்டர் கொலிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். கறுப்பு வெள்ளை, நீண்ட முதுகு, எஜமானின் கண்ணிமை அசைந்தாலே கவனிக்கிற நாய்கள். என் நாயிடமும் யாரோ ஒரு திறமையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். கோச் சொன்னார்: “நல்ல குட்டைக் கால்.”

விதி அப்படி. ஒரு ரீமின் தடைப்பலகை எவ்வளவு உயரம் என்பதை அந்த ரீமில் உள்ள மிகச் சிறிய நாய் தீர்மானிக்கும். அதன் முன்கால் எலும்பை அளந்து உயரத்தைக் குறிப்பார்கள். 7 அங்குலத்துக்குக் குறையாது, 14ஐத் தாண்டாது. ஒரு குட்டை நாய் ரீமில் ஓடினால் மற்ற மூன்று உயர நாய்களுக்கும் பலகை கணுக்கால் அளவுக்கு இறங்கிவிடும். பாய்வதற்குப் பதில் நேரே ஓடிவிடலாம். ‘ஹைட் டோக்’ என்று அதற்கு ஒரு பட்டமே இருக்கிறது. ஆக கச்சான் வேகமாக ஓடவேண்டியதில்லை. குட்டையாக இருந்து, பிழைவிடாமல் ஓடினால் போதும். வீட்டில் போய் நான் இதை அப்படியே சொல்லவில்லை. “கிளப்பில கேட்டு வாங்கிட்டினம்” என்று மட்டும் சொன்னேன்.

பயிற்சி தொடங்கியபோது நான் நினைத்தது, நாயை ஒரு முனையில் விட்டு “போ, எடு, வா” என்று படிப்பிப்பார்கள் என்று. அங்கே யாரும் தொடக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. கடைசியிலிருந்து தொடங்கினார்கள். கோச் கச்சானை முதலாவது பலகைக்கு அப்பால் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு இழுகயிற்றை ஆட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடவேண்டும். விட்டதும் அது ஒரே ஒரு பலகையைப் பாய்ந்து வந்து கயிற்றைக் கவ்வும். நான் இழுக்க, அது உறும, ஒரே கொண்டாட்டம். அது பழகியபின் இரண்டு பலகை, பிறகு மூன்று, பிறகு நாலு. ஒவ்வொரு முறையும் நாய் தனக்குத் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்கு ஓடிவருகிறது. முடிவு எப்போதும் பழகின முடிவு, எப்போதும் சந்தோசம். நாங்கள் மனிதர்களுக்குப் படிப்பிப்பது நேர் மாறு. தெரிந்த முதல் வரியிலிருந்து தெரியாத இருட்டுக்குள் தள்ளிவிட்டு, ஏன் போகவில்லை என்று கத்துவோம்.

பெட்டியைத் தனியாகப் பழக்கினார்கள். அதுதான் மிக நுணுக்கமான வேலை. பழக்காத நாய் நேரே ஓடிப்போய்ப் பெட்டியில் மோதி நின்று, பந்தைக் கவ்வி, திரும்பும். அந்த மோதல் முழுவதும் முன்கால் மணிக்கட்டிலும் தோளிலும் போய் விழும். சில வருடத்தில் நாய் நொண்டியாகிவிடும். நீச்சல்காரர் குளத்தின் சுவரை உதைத்துத் திரும்புகிறாரே, நாய் அந்த மாதிரித் திரும்பவேண்டும். பக்கவாட்டாக ஏறி, நாலு காலும் பலகையில் பதிந்து, பின்கால்கள் உதைத்துத் தள்ள, உடம்பு வளைந்து வெளியே வரவேண்டும். முதலில் பந்தே இல்லை. சுவரோடு சாய்த்த வெறும் பலகை, அதற்கு முன்னால் ஒரு சின்னத் தடை, அந்தத் தடையைத் தாண்டினால்தான் பலகையில் ஏறலாம் என்பதால் பின்கால் தானாக உயரும். கச்சான் இடதுபக்கம் திரும்புகிற நாய் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் குந்தியிருந்து அதன் பின்கால்களை மட்டும் பார்க்கவேண்டும்; இரண்டும் பலகையில் பட்ட கணத்தில் ஒரு ‘யெஸ்’. ஒன்று பட்டால் இல்லை. அதுவும் கொஞ்ச நேரந்தான், களைத்தால் கால் கீழே இறங்கும், இறங்கினால் பிழையைப் பழகிவிடும். சரியாக வந்துகொண்டிருக்கும்போதே கோச் நிறுத்திவிடுவார். சரியாக வரும்போது இன்னும் நாலு கணக்குக் கொடுப்பது என் வழக்கம்.

பந்திலும் ஒரு சின்னச் சிக்கல். கச்சானின் வாய்க்கு வழக்கமான ரெனிஸ் பந்து பெரிது. கவ்வும், அரைவழியில் நழுவிவிடும். எந்த அளவுப் பந்தும் பாவிக்கலாம், துள்ளவேண்டும், உருளவேண்டும் என்பதுதான் விதி. சின்னப் பந்து ஒன்றைத் தந்தார்கள். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு பேஸ்மென்றுக்கு வந்தால் சும்மா இருக்க முடியுமா? பகுதி பகுதியாகத் தொகையிடும் கணக்கில் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு, கணக்கு முழுவதையும் நானே எழுதிக் கடைசி வரியை மட்டும் விட்டுக் கொடுத்தேன். எழுதினாள். அடுத்ததில் கடைசி இரண்டு வரி. இப்படியே மேலே ஏறி ஏறி, ஒரு நாள் முதல் வரியிலிருந்து தானே போட்டாள். இடையில் நான் ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்க வந்த இடங்களில் தேத்தண்ணீர் குடித்தேன். சில வாரத்தில் ஒரு தாய் மேலே நின்று என் மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்: “சேர் முந்தி நல்லாச் சத்தம் போட்டுப் படிப்பிப்பார். இப்ப கீழ ஒரு சத்தமும் இல்லை. சுகமில்லையோ?”

ஓட்டத்துக்குத் தேவையான கடைசிப் பாடம் எதிரே வரும் நாய். கோட்டில் ஒரு நாய் உள்ளே வரும்போது மற்றது வெளியே போகும். நல்ல ரீம்களில் இரண்டின் மூக்கும் கோட்டின் மேலேயே சந்திக்கும். அகச்சிவப்புக் கதிர் உணரிகள் ஆயிரத்தில் ஒரு செக்கன் வரை கணக்கு வைக்கும், முந்திப் போனால் சிவப்பு விளக்கு. முழு வேகத்தில் தன் முகத்துக்கு நேரே வருகிற பெரிய நாயை ஒரு சின்ன நாய் கணக்கெடுக்காமல் போகவேண்டும் என்றால் அதைத் திடீரென்று கேட்க முடியாது. முதலில் இரண்டு பாதைக்கும் நடுவே வலை, தள்ளித் தள்ளி ஓட்டம், பிறகு வலை இல்லாமல், பிறகு நெருக்கமாக. இங்கேதான் கீழ்ப்படிதல் வகுப்பின் சலிப்பான பகுதிகள் எல்லாம் வேலைக்கு வந்தன. இரு என்றால் இருப்பது, மற்ற நாய் ஓடும்போது கூண்டுக்குள் பேசாமல் படுத்திருப்பது, கூப்பிட்டதும் வருவது. ஓடத் தெரிந்த நாய்கள் நிறைய. ஓட்டம் முடிந்ததும் அடங்கத் தெரிந்தவை குறைவு. கச்சான் முதல் மாதங்களில் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தும் இரவு பதினொரு மணிவரை சோபாவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. இந்த விளையாட்டில் எனக்குப் பிடிக்காத பக்கம் அதுதான். நாய்களை வெறியேற்றுவது சுலபம், நிறையப் பேர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் போட்டி ரொரன்ரோவுக்குக் கிழக்கே, விவசாயக் கண்காட்சி நடக்கிற ஒரு பெரிய கொட்டகையில் நடந்தது. உள்ளே நுழைந்ததும் என் தொண்டையின் மரியாதை முடிந்தது. நூறு நாயாவது குரைத்திருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் சொல்வது கேட்கவில்லை. 51 அடிக்கு அப்பால் இருக்கிற நாய்க்கு என்ன கேட்கப்போகிறது? பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் முதல் நாய் போய் வந்தது. இரண்டாவதாகக் கச்சானை விட்டேன். போனது வடிவு. நாலு காலும் பதித்துத் திரும்பியது, பந்தைக் கவ்வியது, இரண்டு பலகையைப் பாய்ந்தது. அந்த இடத்தில் பாதையோரம் ஒரு சிறுவன் ஹொட் டோக் தின்றுகொண்டு நின்றான்.

பந்து கீழே விழுந்தது. கச்சான் பாதையை விட்டு விலகி அவனுக்கு முன்னால் போய், மாமியின் குசினி வாசலில் இருப்பது போலவே, மிகுந்த மரியாதையுடன் குந்திக்கொண்டது. கொட்டகையே சிரித்தது. என் வாய் திறந்துவிட்டது. நல்லூர் கச்சான் கடைச் சத்தம் வெளியே வருவதற்குள் கோச் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கயிற்றை ஆட்டியபடி, ஐம்பதைத் தாண்டிய ஒரு கணக்கு வாத்தியார் கொட்டகையின் மறுமுனைக்கு ஓடினார். பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விதி இல்லை, ஆனால் பார்த்தால் நின்றுவிடுவேன். கயிறு இழுபட்டபோதுதான் அது வந்துவிட்டது என்று தெரிந்தது.

பந்து இல்லாமல் வந்தால் அந்த ஓட்டம் செல்லாது. மற்றவை முடித்தபின் திரும்ப ஓடவேண்டும். ஓடியது. அந்தச் சுற்றில் தோற்றோம். பின்னேரம் ஒரு சுற்றை 28 செக்கனுக்குள் முடித்தோம். 32க்குள் முடித்தால் ஓடிய ஒவ்வொரு நாய்க்கும் 1 புள்ளி, 28க்குள் 5, 24க்குள் 25. வேகமாக ஓடிய பொர்டர் கொலிக்கு எத்தனையோ அத்தனைதான் கச்சானுக்கும். 20 புள்ளி சேர்ந்ததும் சங்கத்திலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது, ‘ஃப்ளைபோல் டோக்’ பட்டம். குளிர்சாதனப் பெட்டியில் மாமியின் பிரஷர் குளிசை அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

“இதுக்கு எவ்வளவு காசு தருவினம், தம்பி?”

“காசு இல்லை மாமி. நாங்கள்தான் கட்டிறது.”

“பெற்றோலும் உங்கடையோ?”

“ஓம்.”

கச்சான் நிலைக்கு வெளியே குந்தியிருந்தது. மாமி ஒரு தோசைத் துண்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, “அது விவரமானது” என்று அடுப்படிக்குத் திரும்பினார்.